அரைவீட்டின் இரண்டாவது திறப்பு

ரூஜ், ரொறன்ரோ
22.09.1996, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிரூபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இஞ்ச அம்மாவுக்கும் எனக்கும் உடம்பு சுகம், மனம்தான் இந்தக் கிழமை முழுக்க ஒரு நிலையில இல்லை. நீயும் பேத்தி சாம்பவியும் சுகம் எண்டு உன்ர வாயால கேட்டால்தான் எங்களுக்குச் சோறு தொண்டையால இறங்கும். ஞாயிற்றுக்கிழமை எண்டால் காலமை நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள உன்ர ரெலிபோன் வந்திடும், இண்டைக்கு மத்தியானமாகியும் வரேல்லை. நான் எடுக்கலாம், ஆனால் ஆர் தூக்குவினமோ எண்ட பயத்தில ரெலிபோனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு இதை எழுதிறன். கடிதத்தைச் செலீன் கொண்டு வாறா. எங்கட அஜின்கோர்ட் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில தையல்கடை வைச்சிருக்கிற செலீன்தான், நீ இஞ்ச வந்து நிக்கேக்க உனக்குச் சட்டை தைச்சுத் தந்தவ. நாளைக்கு ஜேர்மனியில உங்கட ஊரிலயே இருக்கிற தன்ர தமக்கையிட்ட வாறா. வீட்டுக்கு ரெலிபோன் அடிச்சு அப்பா மிளகாய்த்தூள் குடுத்துவிட்டவர், வந்து எடும் எண்டு சொல்லுவா. அதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லலாம், மிளகாய்த்தூளில ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம். கடிதத்தை அவவின்ர தமக்கை வீட்டிலயே இருந்து வாசி, வாசிச்சு முடியச் செலீனிட்டையே திருப்பிக் குடு. வீட்டுக்குக் கொண்டு போகாதே பிள்ளை. கைப்பைக்குள்ளயும் வைக்காதே.

முதல் நீ மனதில பிடிக்கவேண்டிய கதை இதுதான், இதில ஒரு சொல்லும் பிசகக் கூடாது. உள்ளுக்குக் கட்டில், குசினி, குளியலறை எல்லாம் வைச்ச வீட்டு வண்டி வாங்கிறது நீ இல்லை, நான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நயகரா, ஒட்டாவா எண்டு ஊர் பார்க்க எனக்கு வந்த ஆசை. ஜேர்மன்காரன்ர வண்டிகள் நல்லமெண்டு கேள்விப்பட்டு, உங்க எப்பிடி எண்டு விசாரிச்சுச் சொல்லு பிள்ளை எண்டு உன்னைக் கேட்டது நான்தான். அதாலதான் நீ வண்டி விக்கிற இடத்துக்குப் போனனீ, அதாலதான் படம் போட்ட புத்தகங்கள் எடுத்தனீ. உன்ர புருசன் ராகுலன் எப்பிடித் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் இதுக்கு மேல ஒண்டும் சொல்லாதே. பொய்யை நீட்டினால்தான் பிடிபடும். இந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது எண்டு இனிச் சொல்லுறன், கோவிக்காமல் வாசி, பிழை விட்டது நான்தான்.

ஆடி மாதத்தில இருந்து நீ என்னட்ட ஓட்டிற இடத்தை வீட்டோட முழுசா இணைச்ச வண்டி நல்லமோ, அரைவாசி இணைச்சது நல்லமோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீ. நீ சொன்ன ஜேர்மன் பேர்கள் என்ர வாய்க்குள்ள நுழையாமல் நான் முழுவீடு, அரைவீடு எண்டு பேர் வைச்சதுக்கு நீ சிரிச்சனீ. பழைய வான் வாங்கி வித்துத் தொழில் தொடங்கின ஆள் எண்டபடியால்தானே என்னைக் கேக்கிறாள் எண்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. வண்டி திருத்திற அல்பேட்டையும் கூட்டிக்கொண்டு கிங்ஸ்ரன் றோட்டில வீட்டு வண்டி விக்கிற இடமெல்லாம் ஏறி இறங்கினன், படுத்துப் பார்த்தன், கீழ பூந்து பார்த்தன். அதோட விட்டிருக்கலாம். எட்டு நாளைக்கு முதல், சனிக்கிழமை, கடை நிறையச் சனம், மீன் வெட்டிறவனில இருந்து காசு வாங்கிற பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் கேக்க, என்ர மகள் ஜேர்மனியில வீட்டையே ரயரில வைச்சு ஓடப் போறாள் எண்டு புழுகினன். எங்கட சனத்தைத் தெரியும்தானே. கடையில சொன்ன கதை சாமானோட சேர்ந்து வீடு வீடாப் போகும். ஞாயிறு பின்னேரத்துக்குள்ள கதை நகரத்தின்ர மற்றக் கரையில இருக்கிற ரெக்ஸ்டேலுக்குப் போயிட்டுது, ராகுலன்ர தமக்கை ரதியின்ர காதுக்கு.

திங்கட்கிழமை ரதி கடைக்கு வந்தா. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, என்ன அங்கிள், தம்பி ஆக்கள் வீட்டு வண்டி எடுக்கினமாம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, நேற்று இரவு தம்பியைக் கேட்டன், அவனுக்கு அப்பிடி ஒண்டும் தெரியாதாமே எண்டா. நிரூபா, வியாபாரத்தில எனக்கு எத்தினையோ பேர் எத்தினையோ விதமா அடிச்சிருக்கினம், அந்த ஒரு சொல்லு விழுந்த மாதிரி ஒண்டும் விழேல்லை. புருசனுக்குத் தெரியாமல் பெண் வாங்கப் பார்க்கிற வீடு என்ன வீடு. அந்த நிமிசத்தில நீ கேட்ட கேள்வியெல்லாம் திரும்ப வரிசையா வந்து நிண்டுது. நான் முப்பது வருசமாய்ச் சாமான் விக்கிறவன், ஒராள் என்ன கேக்குது எண்டதில இருந்து அந்த ஆளின்ர வீட்டில என்ன நடக்குது எண்டு சொல்லுவன். ஊர் சுத்தப் போறவை பின்னால சைக்கிள் கொழுவலாமோ, கடற்கரையில வெயிலுக்குப் பந்தல் இழுக்கலாமோ எண்டு கேப்பினம். நீ அதொண்டும் கேக்கேல்லை. ஒராள் தனிய ஓட்டலாமோ எண்டு கேட்டனீ. கட்டிலில இருந்து வெளிய இறங்காமல் ஸ்ரியறிங்குக்கு வரலாமோ எண்டு கேட்டனீ. கதவு உள்ளுக்கு இருந்து பூட்டுமோ, தை மாதத்தில தண்ணிக் குழாய் உறையுமோ, பிள்ளை இருந்து பாடம் எழுத மேசை இருக்குமோ எண்டு கேட்டனீ. வீட்டில ரெலிபோன் இருக்க ஒவ்வொரு ஞாயிறும் சாம்பவியை நீச்சலுக்கு விட்டுப்போட்டு அந்த வாசல் ரெலிபோனில இருந்து எடுத்தனீ. பிள்ளையள் தண்ணிக்குள்ள கத்திற சத்தத்தைக் கேட்டு நான் இஞ்ச சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தன். மூளை இல்லாத மனுசன்.

ரதிக்கு அந்த இடத்திலயே சிரிச்சுக்கொண்டு சொன்னன், ஐயோ பிள்ளை, சனம் மாறிக் கேட்டிருக்குது, வாங்கிறது நான், நிரூபா விசாரிச்சுத் தந்தவ, அவ்வளவுதான் எண்டு. ரதி என்ர முகத்தைப் பார்த்தா, கத்தரிக்காயைப் பார்த்தா, சரி அங்கிள் எண்டிட்டுப் போனா. அடுத்த நாள் ராகுலன் எனக்கு ரெலிபோன் எடுத்தான். இனி மருமகன் எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை. வருசப்பிறப்புக்கும் எடுக்காதவன், அண்டைக்குத் தேன் ஒழுகக் கதைச்சான். மாமா புது வண்டியாமே எண்டான். ஓம் தம்பி எண்டன். முழுசு எடுக்கிறியளோ அரைவாசியோ எண்டு கேட்டான். பார் பிள்ளை, அந்தச் சொல்லு அவனுக்கு எங்கால வந்தது, நீ எடுத்து வைச்ச புத்தகத்தைக் கண்டிட்டான் எண்டு எனக்கு உடன விளங்கிப்போச்சு. அரைவீடுதான் எண்டன். பார்க்க முழுசுதானே மாமா வடிவு, ஏன் அதை விட்டனீங்கள் எண்டு விட்டுவிட்டுக் கேட்டான். ஒரு வியாபாரி தான் கண்ணால பார்க்காத சாமானைப் பற்றிக் கதைச்சால் ரெண்டாம் கேள்வியில மாட்டிக்கொள்ளுவான். நல்லகாலம் நான் படுத்துப் பார்த்தவன், பூந்து பார்த்தவன்.

அவனுக்குச் சொன்னதை உனக்கும் எழுதிறன், ரெண்டு பேரிட்டையும் ஒரே கதை இருக்கட்டும், நீ கேட்ட கேள்விக்கு மறுமொழியாயும் இருக்கட்டும். முழுவீடு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பெட்டி, பஸ் மாதிரி. உள்ளுக்கு நிண்டால் ஓட்டிற இடமும் இருக்கிற இடமும் ஒரே அறை, குளிர் குறைவு, முன்கண்ணாடி பெரிசு, றோட்டு முழுக்கத் தெரியும். உங்கத்தையதில ஓட்டிற இடத்துக்கு மேல கூரையில இருந்து இறக்கிற கட்டில் ஒண்டும் இருக்கெண்டு நீ சொன்னனீ, இஞ்ச நான் பார்த்ததுகளில அது இல்லை. முழுவீட்டுக்கு வாற வியாதியும் அந்த முன்கண்ணாடியாலதான். உடைஞ்சால் அந்தக் கொம்பனிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேணும், எந்தக் கடையிலயும் கிடையாது. எஞ்சினை எட்டிப் பார்க்கவும் உள்ளுக்கு மூடி கழட்ட வேணும். அகலம் கூட, ஒடுக்கமான தெருவில திருப்பேலாது. அல்பேட் சொன்னான், அண்ணை முழுவீடு நிண்டால் ராசா, றோட்டில பழுதாப்போனால் அநாதை எண்டு. அரைவீட்டின்ர முன்பக்கம் சாதாரண வான். அதின்ர மூக்கு, அதின்ர எஞ்சின், அதின்ர ரெண்டு கதவு. எந்தக் கராஜ்காரனும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவான். முன் இருக்கையைத் திருப்பினால் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். குறை என்னெண்டால் இரவில முன்பக்கத்தால குளிர் ஏறும், நடுவில தடிச்ச திரை போடவேணும். இவ்வளவும் நான் மூச்சு விடாமல் சொல்லச் சொல்ல அங்கால அவன்ர சத்தம் குறைஞ்சுகொண்டு போச்சு. கடைசியா, சரி மாமா, சனிக்கிழமை அக்கா வந்து பார்ப்பா, படம் எடுத்து அனுப்புவா எண்டான். வண்டி வாங்கிப்போட்டன் எண்டு நான் வாய் தவறியும் சொல்லேல்லை, ஆனால் வாங்கின ஆளாட்டம்தான் அவ்வளவும் கதைச்சிருக்கிறன்.

அவனுக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு, உனக்கு மட்டும் சொல்லுறன். ஊர் சுத்திற ஆளுக்குக் கதவு ஒரு கணக்கே இல்லை. பயந்து படுக்கிற ஆளுக்கு அதுதான் முதல் கணக்கு. நான் பார்த்த முழுவீடுகளில கதவு ஒண்டுதான், பக்கவாட்டில. ஒண்டைக் காத்தால் போதும் எண்டு தோன்றும். ஆனால் அந்த ஒரு கதவுக்கு முன்னால ஒருத்தன் வந்து நிண்டால் நீயும் பிள்ளையும் எதால இறங்குவியள். அரைவீட்டில மூண்டு கதவு, மூண்டையும் பூட்டினனோ எண்டு மூண்டு தரம் எழும்பிப் பார்ப்பாய். எதை எடுத்தாலும் நித்திரை இல்லை மகள். அதோட உங்கத்தைய பனி. நான் மொன்றியலுக்குச் சாமான் ஏத்தின காலத்தில வானுக்குள்ள படுத்தெழும்பினவன், என்ர மூச்சே கதவில ஐஸாய் ஒட்டிப் பிடிச்சுக் காலமை உள்ளுக்கிருந்து உதைச்சுத்தான் திறக்கிறது. நான் தனி ஆம்பிளை. அதுக்குள்ள பிள்ளையை வைச்சுக்கொண்டு, இண்டைக்கு இந்தப் பூங்கா நாளைக்கு அந்தக் காடு எண்டு மாறி மாறி நிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு என்ன விலாசம் குடுப்பாய். நீ கேட்ட ரெண்டில எது நல்லமெண்டு கேட்டால் அரைவீடு. உனக்கு எது நல்லமெண்டு கேட்டால் ரெண்டும் இல்லை. என்ர கடைக்கு நீ வந்திருந்தால் உனக்கு நான் ரெண்டையும் வித்திருக்க மாட்டன்.

சனிக்கிழமை வாறதுக்கிடையில வாசலில வண்டி நிக்கவேணும் எண்டபடியால் வியாழக்கிழமை போய் அரைவீடு ஒண்டு எடுத்தன். காசுக் கதை இதில வேண்டாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விச்சு, எலுமிச்சம்பழம் நசிச்சுக் கொண்டு வந்து விட்டன். அம்மாவுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை, ரதி வருவா, நாங்கள் நயகரா போறதுக்கு வாங்கினதெண்டு மட்டும் சொல்லு எண்டன். தெரியும்தானே, கார் ஒரு மணித்தியாலம் ஓடினால் சத்தி எடுக்கிற மனுசி. என்னை ஒருக்காப் பார்த்துப்போட்டு, தேத்தண்ணிச் சாமானுகளை எடுத்து வண்டிக்குள்ள வைச்சா. சனிக்கிழமை ரதி வந்து முதல் முன்னுக்கு இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தா, பேந்து ஏறி ஒவ்வொரு அலுமாரியாத் திறந்து மூடினா. நான் வெளிய ரயரைப் பார்க்கிற மாதிரி நிக்கிறன். அம்மா உள்ளுக்கு அந்தச் சின்ன அடுப்பில தேத்தண்ணி வைச்சா, பிறந்ததில இருந்து அதில சமைச்சவ மாதிரி. அன்ரிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாதே எண்டு ரதி கேக்க, அதுக்குத்தான் பிள்ளை கட்டிலோட வாங்கினது, சத்தி வந்தால் படுக்கலாம், ஆனால் இந்த மனுசன் எப்பிடி நிப்பாட்டினாலும் தலைமாடு வடக்கைப் பார்க்குது, அதுதான் ஒரே சண்டை எண்டா. ரதி வயிறு குலுங்கச் சிரிச்சா. தானும் தலைமாட்டை மாத்திப்போட்டுப் பார்த்தா. தேத்தண்ணி குடிச்சு, படம் எடுத்து, தம்பிக்கு அனுப்புறன் எண்டு சொல்லிப் போனா. ரதி கெட்டவ இல்லை, தம்பியை நம்புறா, அவ்வளவுதான். அவவின்ர கார் திரும்பி மறைய, அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைச்சுப்போட்டு, பிள்ளை எப்ப வாறாள் எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லாமலே அவவுக்குத் தெரிஞ்சிருக்குது.

அதால நான் இனிச் சுத்தி வளைக்காமல் கேக்கிறன், ராகுலன் கை நீட்டுறவனோ. ஓம் எண்டால் செலீனிட்ட ஒரு சொல்லுச் சொல்லு, காரணம் ஒண்டும் வேண்டாம். நான் பார்த்துச் செய்து வைச்ச கலியாணம், அப்பாவுக்கு வெக்கம் எண்டு நினைச்சு வாய் மூடிக்கொண்டிருந்தால் அது விசர்க்கதை. பழுதான சாமானைத் திருப்பிக் கொண்டு வந்த ஒருத்தரையும் நான் கடையில ஏசினதில்லை, வித்தவனைத்தான் ஏசியிருக்கிறன். உந்த ஊரில வண்டி வாங்கிற எண்ணத்தை இப்பவே விடு, புத்தகங்களையும் குப்பையில போடாதே, எடுத்து மேசையில வை, அப்பாவுக்கு எண்டு. செலீனின்ர தமக்கையோட நான் கதைச்சிட்டன், அவவின்ர வீட்டு மேல் அறை உனக்கும் பிள்ளைக்கும் ஒதுக்கி வைச்சிருக்கு, அவ ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவ, இந்த மாதிரிப் பெண்களுக்கு நிக்கிற லோயர்மாரைத் தெரியும். உன்ர பாஸ்போட்டும் சாம்பவியின்ர பாஸ்போட்டும் எங்க கிடக்குதெண்டு முதல் பார், வெளிக்கிடுற நாளில மட்டும் எடு, முன்கூட்டி எடுத்து இடம் மாத்தாதே. ஆத்திரத்தில பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறாதே, பேந்து கோடு கச்சேரி எண்டு இழுபடக் கூடாது, முதல் அந்த மேல் அறை, பேந்து லோயர், அதுக்குப் பேந்துதான் ரிக்கற். நான் உங்க வரவேணும் எண்டால் சொல்லு, கடையைப் பூட்டிப்போட்டு வாறன். நான் வந்தால் அவன் உசாராயிடுவான் எண்டபடியால்தான் இப்ப பொறுத்துக்கொண்டிருக்கிறன்.

எந்த நாள் வெளிக்கிட்டாலும், அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து கதவைப் பூட்டின உடன எங்களுக்கு அடிச்சு, ரெண்டு தரம் மணி அடிக்க விட்டுப்போட்டு வைச்சிடு. முந்திக் காசு மிச்சம் பிடிக்க நாங்கள் எல்லாரும் செய்யிற வேலைதான். நாங்கள் தூக்க மாட்டம். அம்மா இப்பவே ரெலிபோனுக்குப் பக்கத்திலதான் பாய் போட்டிருக்கிறா. பகலில போய் அந்த வண்டிக்குள்ள இருக்கிறா, பக்கத்து வீட்டுக்காரன் தன்ர ஜன்னலை மறைக்குதெண்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறான், அவவுக்கு அதொண்டும் கணக்கில்லை. பின்கட்டிலுக்கு விரிப்பு மாத்தி ரெண்டு தலையணை போட்டிருக்கிறா, ஒண்டு சின்னன். நான் அதை விக்கலாம் எண்டு நினைச்சிருந்தன், விளம்பரமும் எழுதினன், கிழிச்சுப்போட்டன்.

சாப்பாட்டை விடாதே, பிள்ளைக்கு முன்னால அழாதே, அவனோட வாய் குடுக்காதே. கந்தன் உனக்கும் பேத்திக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கட்டும். இதைத் திருப்பிச் செலீனிட்டக் குடுக்க மறக்காதே.

உன்ர வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
பத்மநாதன்

அம்மா குணவதி உனக்கும் பேத்திக்கும் கொஞ்சல் சொல்லச் சொன்னா.

இன்னொண்டு. வண்டியைப் பூட்டத் திறக்க வண்டிக்காரன் ரெண்டு திறப்புத் தந்தவன், ஒண்டு என்னட்ட இருக்கு, மற்றது செலீனிட்ட. அவன் வண்டியின்ர பேர் எழுதிக் கட்டியிருந்த மட்டையைக் கழட்டிப்போட்டன், வெறும் திறப்புத்தான். கடிதத்தை விட்டிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போ. கண்டாலும் எந்த வீட்டுத் திறப்பெண்டு ராகுலனுக்குத் தெரியாது.